சேலத்துக் கோயில்களில் மர்மம் எது, வழக்கம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் குகைப் பகுதியில் பிறந்து இங்கேயே குடியிருப்பவன் என்பதால், ஆடிப் பண்டிகைக்கு வரும் உறவினர்களைக் கோயில் கோயிலாக அழைத்துச் செல்லும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையதாக இருக்கிறது. வருகிறவர்கள் கைப்பேசியில் எதையாவது பார்த்துவிட்டு வந்து, "அந்த மர்மக் கோயிலைக் காட்டு" என்பார்கள். ஆண்டுதோறும் அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே என்பதால் விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். சிற்பியின் கைவேலை எது, ஊரார் ஏற்படுத்திக்கொண்ட முறை எது, வழிவழியாகச் சொல்லப்படும் கதை எது என்று பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறேன். எல்லாவற்றையும் மர்மம் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், கல்லைச் செதுக்கியவருக்கும் நேர்த்திக்கடனைச் சுமந்தவருக்கும் சேர வேண்டிய மதிப்பு சேராமல் போகிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

தாரமங்கலத்தில் யாளியின் வாய்க்குள் உருளும் கல்லை எப்படி உள்ளே வைத்தார்கள்?

யாரும் அதை உள்ளே வைக்கவில்லை. அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. சேலத்துக்கு மேற்கே உள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், 17ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகளின் காலத்தில் இன்றைய பெருவடிவத்தைப் பெற்றது. அதன் முன்மண்டபத்து யாளிகளின் வாயில் உள்ள கல் உருண்டையை விரலால் தள்ளினால் உருளும். வெளியே எடுக்க முடியாது. யாளியின் தலையும் உருண்டையும் ஒரே கல். சிற்பி முதலில் வாயின் வெளிவடிவத்தைச் செதுக்கி, பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாக நுண்ணிய உளியைச் செலுத்தி, உள்ளே இருந்த கல்லைச் சிறிது சிறிதாகச் சுற்றிலும் அரித்து, இறுதியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பிடிப்பையும் அறுத்து விடுவித்திருக்கிறார். உருண்டை வாயின் திறப்பைவிடப் பெரிதாக இருப்பதால் வெளியே வர வழியில்லை. இதில் வியக்க வேண்டியது பொறுமை. ஓர் அடி தவறினால் பல் உடையும். பல் உடைந்தால் தூண் முழுவதும் வீண்.

முதன்முறை பார்க்கிறவர்கள் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு ஒரு விரலை உள்ளே நுழைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். வெளிக்கல் சொரசொரப்பாகவும், தலைமுறை தலைமுறையாக விரல்கள் பட்ட உருண்டை எண்ணெய் தடவியதுபோல வழவழப்பாகவும் இருப்பதை விரல் உடனே கண்டுகொள்ளும். நானூறு ஆண்டுக் கூட்டம் அந்த வழவழப்பில் இருக்கிறது.

கல் சங்கிலிகளும் இதே முறையில் ஆனவையா?

ஆம். வளையம் வளையமாகச் செய்து கோத்தவை அல்ல. ஒரே கல்லிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக விடுவிக்கப்பட்டவை.

ராமரிடமிருந்து பார்த்தால் வாலி தெரிகிறார், வாலியிடமிருந்து பார்த்தால் ராமர் தெரியவில்லை. இது எப்படி?

அதே மண்டபத்தில் ஒரு தூணில் ராமர் வில்லை வளைத்து நிற்கிறார். சற்றுத் தள்ளி வேறொரு தூணில் வாலியும் சுக்கிரீவனும் போரிடுகின்றனர். ராமர் இருக்கும் தூணருகே நின்று பார்ப்பவருக்கு வாலி தெரிவார். வாலியின் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தால் இடையில் உள்ள தூண்கள் ராமரை மறைத்துவிடும். ஒவ்வொரு சிற்பமும் தூணின் எந்த முகத்தில், எவ்வளவு ஒதுங்கி அமைய வேண்டும் என்பதை மண்டபத்தின் முழு அமைப்பையும் மனத்தில் வைத்துத் தீர்மானித்ததன் விளைவு இது. ராமாயணத்தில் ராமர் மரத்தின் மறைவில் நின்று அம்பு விட்டார். இங்கே அந்த மரத்தின் வேலையைத் தூண் செய்கிறது. கதையைக் கல்லில் காட்டியவர்கள் பலர் உண்டு. பார்க்கிறவனையே வாலியின் இடத்தில் நிறுத்தி, வில்லாளியைக் காண முடியாமல் செய்த சிற்பியை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

மாசி மாதத்தில் சூரிய ஒளி லிங்கத்தின்மீது விழுவது உண்மையா?

உண்மை. தாரமங்கலம் கோயில் மேற்கு நோக்கியது. மாசியில், ஆங்கிலக் கணக்கில் பிப்ரவரியின் பிற்பகுதியில், மூன்று நாள் மாலைச் சூரியனின் ஒளி வாயில்களைக் கடந்து கருவறை வரை செல்லும். சூரியன் தாழத் தாழ ஒளி தரையோடு தவழ்ந்து உள்ளே நகர்ந்து, கடைசியில் மேலேறி லிங்கத்தைத் தொடும். அந்தச் சில நிமிடங்களில் மண்டபத்தில் எழும் "சிவ சிவா" என்ற குரலைக் கேட்பதற்காகவே பலர் வருகிறார்கள்.

காரணம் எளிது. சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுவதும் ஒரே இடமன்று. ஆனித் தொடக்கத்தில் வடகோடிக்கும் மார்கழியில் தென்கோடிக்கும் நகர்ந்து திரும்பும். கோயிலின் அச்சுக்கோடு அந்த நகர்வின் நடுவில் ஒரு புள்ளியை நோக்கி அமைந்திருந்தால், சூரியன் அந்தக் கோட்டை ஆண்டுக்கு இருமுறை கடந்தாக வேண்டும். அதன்படி ஐப்பசித் தொடக்கத்திலும் சூரியன் ஏறத்தாழ அதே திசையில்தான் மறையும். ஆனால் ஐப்பசி நம் பக்கம் அடைமழைக் காலம். மாசியோ வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும் காலம். மாசி ஒளி விழாவானதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். திசையை இவ்வளவு துல்லியமாகக் குறித்துக் கால்கோள் இட்டவர்கள், எத்தனை மாலைகள் குச்சியையும் நிழலையும் வைத்துக்கொண்டு அந்தத் தரையில் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சுகவனேசுவரர் கோயிலுக்கும் கிளிக்கும் என்ன தொடர்பு?

சுகம் என்றால் கிளி. சேலம் நகரின் நடுவே உள்ள இக்கோயிலின் தலவரலாற்றில், கிளி உருக்கொண்ட சுகமுனிவர் கிளிக் கூட்டத்தோடு இங்கே சிவனை வழிபட்டதாகவும், வேடன் ஒருவன் கிளிகளைத் துரத்தி வந்து புற்றை வெட்டியபோது, கிளியரசன் இறக்கையை விரித்துப் புற்றுக்குள் இருந்த லிங்கத்தை மறைத்துத் தன் உயிரைக் கொடுத்ததாகவும் கூறப்படுகிறது. லிங்கத்தின் முடியில் உள்ள தழும்பு அந்த வெட்டின் அடையாளம் என்பார்கள். இது கதை; கதையாகவே கேட்க வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, காத்தவரும் காக்கப்பட்டவரும் இடம் மாறிவிடுவது. அருணகிரிநாதர் சேலத்து முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

ஆடிப் பண்டிகையில் அம்மன் முன் நடப்படும் கம்பம் எதைக் குறிக்கிறது?

அம்மனின் கணவனை. சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன். எட்டுப் பேட்டைகளைக் கட்டியாளும் அம்மன் என்று அவளைச் சொல்வது வழக்கம். குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை என்று ஊரின் மற்ற மாரியம்மன்களுக்கு அவளே மூத்தவள். பூச்சாட்டுதலோடு பண்டிகை தொடங்கும். அடுத்துக் கம்பம் நடுதல். மூன்று கிளையாகப் பிரியும் மரத்தண்டைத் தேர்ந்து, பட்டை சீவி, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி அம்மனுக்கு எதிரே நடுவார்கள். அன்று முதல் பெண்கள் விடியற்காலையில் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள்.

என் பாட்டி இதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. தறிச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே, ஈரப் புடவையோடு, மஞ்சள் கரைத்த தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் சுமந்து செல்வார். ஊற்றிய பின் கம்பத்தின் அடியில் தேங்கிய ஈரமண்ணை ஒரு விரலால் தொட்டு எங்கள் நெற்றியில் வைப்பார். அம்மை போட்டிருந்த வீடுகளுக்கும் அந்த மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் போகும். பெரியம்மை ஊரையே காலி செய்த காலத்தில் பிறந்த வழக்கம் இது. வேம்பு கட்டிய வாசலைக் கண்டால் வெளியார் உள்ளே நுழையாமல் இருந்ததும், பூச்சாட்டிய பின் ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும், நோய் பரவாமல் ஊரைக் காத்திருக்கும் என்பது என் கருத்து. உலகில் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. கம்பம் மட்டும் ஆண்டுதோறும் நடப்படுகிறது.

பண்டிகை முடிவில் கம்பத்தைப் பிடுங்கி நீரில் விடுவார்கள். அம்மன் அன்று கணவனை இழக்கிறாள் என்பது பொருள். அந்த வேளையில் பெண்கள் பலர் கண்ணீர் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மாறான வழக்கம் ராசிபுரத்தில் உண்டு. 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்து, இப்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரின் மாரியம்மனுக்கு எதிரே கம்பம் ஆண்டு முழுவதும் நிற்கும். ஐப்பசித் திருவிழாவில் பழைய கம்பத்தை எடுத்துவிட்டுப் புதியதை நடுவார்கள். அதனால் அவள் பெயர் நித்திய சுமங்கலி மாரியம்மன். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள், ஒரே சடங்கை எடுத்துக்கொண்டு, அம்மனுக்கு இரண்டு வெவ்வேறு வாழ்க்கையைக் கொடுத்திருக்கின்றன.

உருளுதண்டம் என்பது அங்கப்பிரதட்சிணமா?

செயல் ஒன்றே, சேலத்துக்காரர் சொல்லும் பெயர் உருளுதண்டம். வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஈர உடையோடு கோயிலைச் சுற்றி உருண்டு வருவார்கள். ஆடிக் கூட்டத்தில் உருள்பவரின் தலை படியில் மோதாமல் உறவினர் ஒருவர் கையை அணைகொடுத்தபடி குனிந்தே கூட வருவார். உருள்பவரைவிட அவருக்கே அதிகம் மூச்சு வாங்கும்.

செருப்பாலும் துடைப்பத்தாலும் அடி வாங்கும் வழக்கம் சரியா?

சேலத்தின் சில மாரியம்மன் கோயில்களில், ஆடிப் பண்டிகையின்போது பக்தர்கள் வரிசையில் நின்று, பூசாரியிடம் செருப்பு, துடைப்பம், முறம் ஆகியவற்றால் தலையில் அடி வாங்கிக்கொள்வார்கள். செருப்படித் திருவிழா என்றே பெயர். தம்மைப் பிடித்த கண்டமும் தோஷமும் இதனால் விலகும் என்பது நம்பிக்கை. பார்த்தவுடன் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் சிறுவயதில் சுளித்தவன். ஆனால் நம் ஊரில் ஒருவரைச் செருப்பால் அடிப்பதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த அவமானத்தை யாரும் தன்மேல் சுமத்துவதற்கு முன், அம்மன் முன்னிலையில், தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார் பக்தர். வரிசையில் கடை முதலாளியும் சுமைதூக்கும் தொழிலாளியும் அடுத்தடுத்து நிற்பார்கள். அடி மெதுவாகத்தான் விழும். சரியா என்று தீர்ப்பு சொல்வதைவிட, அடி வாங்கிவிட்டு வரும் ஒருவரின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பதே என் விடை.

குகையில் நடக்கும் வண்டி வேடிக்கையில் கடவுள் வேடம் போடுவது ஏன்?

அதுவும் நேர்த்திக்கடனே. குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் பண்டிகையில், பக்தர்கள் தேவர், அசுரர், முனிவர் வேடம் தாங்கி, அலங்கரித்த வண்டிகளில் புராணக் காட்சிகளாக அமர்ந்து கோயிலைச் சுற்றி வருவார்கள். முற்காலத்தில் மாட்டு வண்டி. அதனால் இந்தப் பெயர். இப்போது லாரியும் ஜெனரேட்டரும் வந்துவிட்டன. அருகில் நின்று பார்த்தால், மீனாட்சியின் கிரீடத்துக்குக் கீழே மீசை மழித்த பச்சைத் தழும்பும், சிவனின் நீலச் சாயத்தின் மேல் வழியும் வியர்வையும் தெரியும். மணிக்கணக்கில் கண்ணிமைக்காமல், கையைத் தூக்கியபடி ஒரே நிலையில் அமர்ந்திருப்பார்கள். குழந்தைகள் கும்பிடும், பெரியவர்களும் கும்பிடுவார்கள். அந்த இரவு முடியும்வரை அவர் பக்கத்துத் தெருக்காரர் என்று யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

தலைவெட்டி முனியப்பன் உண்மையில் புத்தரா?

ஆம், நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட முடிவு அதுவே. சேலத்தில் பிறர் மர்மம் என்று சொல்பவற்றுள், அந்தச் சொல்லுக்கு உண்மையாகவே தகுதியுடையது இது ஒன்றே என்பேன்.

முதலில் முனியப்பன் யார் என்று சொல்ல வேண்டும். சேலம், தருமபுரிப் பக்கத்தில் ஊர் எல்லைதோறும் பெரிய மீசையும் பிதுங்கிய கண்களும் கையில் அரிவாளுமாக அமர்ந்திருக்கும் காவல் தெய்வம் அவர். கிடா, சேவல், சுருட்டு, சாராயம் என்று அவருக்குரிய படையல் வேறு. சேலம் கோட்டைச் சாலைப் பக்கம் பெரியேரியில் இருந்த தலைவெட்டி முனியப்பன் கோயிலிலும் மக்கள் பல தலைமுறைகளாக இப்படித்தான் வழிபட்டு வந்தார்கள். ஆனால் சிலையைப் பார்த்தால் மீசையும் இல்லை, அரிவாளும் இல்லை. கால்களை மடித்துத் தாமரைப் பீடத்தில் அமர்ந்து, மடியில் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஓர் அமைதியான உருவம். தலை மட்டும் ஒரு காலத்தில் வெட்டுண்டு, பின்னர் ஒட்டவைக்கப்பட்டிருந்தது. பெயரின் காரணம் அதுதான்.

இது புத்தர் சிலை என்று கூறி 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. தொல்லியல் துறையினர் சிலையை ஆராய்ந்து, அமர்ந்த நிலை, தியான முத்திரை, சுருண்ட முடி, நீண்ட காது மடல் ஆகியவற்றைக் காட்டி, இது புத்தரே என்று அறிக்கை அளித்தார்கள். 2022 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறை பொறுப்பேற்க வேண்டும் என்றும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும் என்றும், பொதுமக்கள் வந்து பார்க்கலாம், பூசை செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

சேலம் மாவட்டத்தில் பௌத்தம் இருந்ததற்கு இது மட்டுமே சான்றன்று; தலைவாசலுக்கு அருகே தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் உள்ளன. பெரியேரியின் தலையை வெட்டியவர் யார், எப்போது என்பது கல்லில் எழுதப்படவில்லை. எனக்குத் தோன்றுவது இது: தலை போய், பெயர் மறந்து, சமயமே ஊரைவிட்டுப் போன பிறகும், அந்தச் சிலைமுன் விளக்கு வைப்பதை மக்கள் நிறுத்தவில்லை. தாம் அறிந்த பெயரால் அழைத்து, தாம் உண்பதைப் படைத்தார்கள். புத்தருக்குக் கிடா வெட்டினார்களே என்று நகைப்பவர்களிடம் நான் வாதிடுவதுண்டு. அந்த வழிபாடு இல்லாவிட்டால் சிலை எப்போதோ வீட்டுக்கு அடிக்கல்லாகப் போயிருக்கும். அதே நேரத்தில், உண்மை தெரிந்த பிறகு உரியவரின் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதும் நியாயமே.

ஏற்காட்டுச் சேர்வராயன் குகையிலிருந்து காவிரிக்குச் சுரங்கம் உண்டா?

சேர்வராயன் மலைக்கே பெயர் கொடுத்த தெய்வம் குடியிருக்கும் இடம் அது. ஏற்காடு ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், காற்று வீசும் மொட்டை மேட்டில் கோபுரமோ தேரோடும் வீதியோ இல்லாத ஒரு குகைக் கோயில். வாசல் தாழ்வானது, யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் வெளியே இருந்த காற்றின் இரைச்சல் சட்டென்று அறுந்து, குளிர்ந்த பாறையின் ஈரவாடையும் கற்பூரப் புகையும் மட்டும் இருக்கும். பூசாரி தீபத்தை உயர்த்தும்போதுதான் சேர்வராயனும் காவேரியம்மனும் அருகருகே இருப்பது தெரியும்.

இந்தக் குகை தலைக்காவிரிவரை செல்கிறது என்று சொல்வார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படியொரு சுரங்கம் இருக்க வழியில்லை. ஆனால் காவேரியம்மன் ஏன் மலையுச்சியில் இருக்கிறாள் என்ற கேள்விக்கு நிலமே விடை வைத்திருக்கிறது. சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு இம்மலைத் தொடரில் பிறந்து காவிரியில் கலக்கிறது. ஓமலூர்ப் பக்கம் ஓடும் சரபங்கா நதியும் இங்கே பிறந்து காவிரியையே சேர்கிறது. மலையில் விழும் மழையின் ஒரு பகுதி காவிரிக்குப் போகிறது என்பதைத் தெரிந்தவர்கள், மலையையும் ஆற்றையும் ஒரே குகையில் குடிவைத்தார்கள். சுரங்கம் உண்டு என்று சொன்னவர் தண்ணீரின் வழியைத்தான் தம் முறையில் சொல்லியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இத்தெய்வம் மலையாளிப் பழங்குடியினருடையது. கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்பதால் இவர்கள் மலையாளிகள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் சென்று குடியேறினர் என்பது அவர்களின் முன்னோர் கதை. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களெல்லாம் திரண்டு வருகின்றன. அன்று போகிற வெளியூர்க்காரர்கள், தாம் விருந்தாளிகள் என்பதை மறக்காமல் ஒதுங்கி நின்று வழிபட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சாமி வந்து ஆடுபவரின் முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டியவர்களைப் பார்த்து நான் தலைகுனிந்த நாள் உண்டு.

கஞ்சமலைச் சித்தர் கோயிலில் உப்பும் மிளகும் போடுவது எதற்கு?

மரு, தோல்நோய் தீர. அமாவாசைதோறும் கூட்டம் நிறையும். குருவுக்குச் சோறு சமைத்த சீடன் ஒரு மூலிகைக் குச்சியால் கிளறியபோது சோறு கறுத்துவிட, பயந்துபோய் அதைத் தானே உண்டு இளைஞனாக மாறினான் என்பது தலக்கதை. அதனால் இங்கே சித்தர் இளம் வடிவில் இருக்கிறார். மலை முழுவதும் இரும்புத் தாது நிறைந்தது என்பதும், மூலிகை தேடுவோர் ஏறும் மலை என்பதும் கதைக்குப் பொருத்தமான பின்னணி. தோல்நோய்க்கு மருத்துவரையும் பாருங்கள். சித்தர் தடுக்க மாட்டார்.

பழனி மலையில் இரவு தங்கும் உரிமை எடப்பாடிக்காரர்களுக்கு மட்டும் ஏன்?

பழனியில் இரவு நடை சாத்திய பின் பக்தர் யாரும் மலைமேல் தங்குவதில்லை. தைப்பூசம் முடிந்து, எடப்பாடியிலிருந்து காவடி சுமந்து நடந்து செல்லும் பர்வதராஜகுல மக்களுக்கு மட்டும் ஓர் இரவு அந்த உரிமை உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம் என்கிறார்கள். அவர்கள் அங்கேயே வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு சேர்த்துப் பல டன் பஞ்சாமிர்தத்தைத் தம் கையாலேயே பிசைந்து, முருகனுக்குப் படைத்து, ஊருக்குக் கொண்டுவந்து பங்கிடுவார்கள். எடப்பாடி நண்பர் வீட்டிலிருந்து வாழையிலையில் மடித்து எங்களுக்கும் ஒரு பங்கு வரும். அதை உண்ட பிறகு டப்பாவில் விற்பதை உண்ண மனம் வராது.

வசிஷ்ட நதிக்கரையில் பஞ்சபூதத் தலங்கள் உண்டு என்கிறார்களே?

உண்டு. பேளூர் நிலம், ஏத்தாப்பூர் நீர், ஆத்தூர் நெருப்பு, ஆறகளூர் காற்று, கூகையூர் ஆகாயம். கூகையூர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். காலையில் பேளூரில் தொடங்கினால் ஒரே நாளில் முடித்துவிடலாம். நேரம் குறைவாக இருந்தால் ஆறகளூருக்காவது போங்கள். காமநாதீசுவரர் கோயிலில் எட்டுப் பைரவர்களும் உள்ளனர், தேய்பிறை அட்டமி இரவு பூசை சிறப்பு.

ஏத்தாப்பூர் அருகே உள்ள முத்துமலை முருகனும் பழங்காலத்ததா?

இல்லை. 146 அடி உயரமுள்ள அந்தச் சிலைக்கு 2022 ஏப்ரல் 6ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. மலேசியாவின் பத்துமலை முருகனைவிட 6 அடி உயரம்.

மேட்டூர் அணைக்குள் மூழ்கிய கோயிலை எப்போது பார்க்கலாம்?

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டபோது, அணைக்குள் வரும் ஊர்களின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் இருந்த சலகண்டேசுவரர் கோயிலும், அதன் நந்தியும், ஒரு கிறித்தவ தேவாலயமும் நீருக்குள் போயின. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. நீர்மட்டம் 70 அடியை ஒட்டிக் குறையும் ஆண்டுகளில் நந்தியின் தலை வெளியே தெரியத் தொடங்கும். இதில் தெய்வக் குற்றமும் இல்லை, சகுனமும் இல்லை. மழை குறைந்தது, பாசனத்துக்கு நீர் போனது, அவ்வளவே. கோயில் எப்போது திறக்கும் என்பதைக் குருக்களிடம் கேட்க முடியாது. காலை நாளிதழில் வரும் நீர்மட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீர் இறங்கிய ஒரு கோடையில் நான் போயிருந்தேன். வெடித்த வண்டல் மண்ணில் கால் வைத்துப் போனால், நந்தியின் திமிலில் காய்ந்த பாசி செதில் செதிலாக ஒட்டியிருந்தது. எனக்கு முன்பே வந்திருந்த முதியவர் ஒருவர், தம் தாத்தா இந்தக் கோயிலில் விளக்கு ஏற்றியவர் என்று சொல்லிக்கொண்டே, துண்டை ஆற்று நீரில் நனைத்து நந்தியின் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தார். பிறகு மடியிலிருந்து ஒரு முழம் சாமந்தியை எடுத்துக் கொம்பில் சுற்றினார். "இன்னும் இருபது நாள் தாங்கும் தம்பி, அதுக்குள்ள உங்க வீட்ல இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.